உங்களுக்குத் தெரியுமா? நாக்கையும் விட்டுவைக்காத கால்சிஃபிலாக்ஸிஸ்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் வெகு சிலருக்கு, தோலடியில் ஓடும் நுண்தமனிகளின் சுவரில் கால்சியம் படியும். ரத்த ஓட்டம் அடைபட்டு, அங்கே தோல் கறுத்துச் செத்துப்போகும். இதுதான் கால்சிஃபிலாக்ஸிஸ். வழக்கமாகக் கொழுப்பு மிகுந்த வயிறு, தொடை, பிட்டத்தில்தான் வரும்.

ஆனால் மார்பகம், ஆண்குறி, நாக்கு, விரல் நுனி என்று எதிர்பாராத இடங்களிலும் தலைகாட்டுவதுண்டு. சிக்கலே அங்கேதான். மார்பகத்தில் வந்தால் புற்றுநோயோ என்ற சந்தேகம். நெற்றிப்பொட்டுத் தமனியில் வந்தால், தமனி அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆண்குறியில் வந்தாலோ, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கவே மருத்துவர்கள் தயங்குவார்கள். வெட்டிய புண் ஆறாமல் அழுகல் பரவக்கூடும்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் இந்நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. ரத்தக் குழாயில் கால்சியம் படியவிடாமல் காக்கும் ஒரு புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் குறுக்கே நிற்பது அந்த வைட்டமினுக்குத்தான்.

மருந்து? பலரும் தருவது சோடியம் தயோசல்ஃபேட். பழைய ஸ்டூடியோ இருட்டறைகளில் படம் கழுவப் பயன்பட்ட அதே ‘ஹைப்போ’தான், இங்கே ஊசிமருந்தாக நரம்பில் ஏறுகிறது! பலன் தருமா என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. நோயோ கொடியது: ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குத் தோல் ஊதா நிறமாகி, தொட்டாலே துடிக்கும் வலி இருந்தால், உடம்பில் எந்த இடமானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.