ஒரே தாம்பாளத்தில் உண்ணும் தேசம்

செனகலில் மதியச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஆளுக்கொரு தட்டு கிடையாது. தரையில் பாய் விரித்து நடுவே அகலமான தாம்பாளம் ஒன்றை வைக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் தத்தமக்கு எதிரே இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடுத்து உண்கிறார்கள். வீட்டு அம்மா நடுவில் கிடக்கும் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். அந்த வேளையில் வாசலில் யார் வந்து நின்றாலும் நகர்ந்து இடம் விடுவார்கள். 'தெராங்கா' என்று அவர்கள் பெருமையோடு சொல்லும் விருந்தோம்பல் இதுதான். நாட்டின் கால்பந்து அணியையே 'தெராங்கா சிங்கங்கள்' என்றுதான் அழைக்கிறார்கள்.

தாம்பாளத்தில் இருப்பது 'செபு ஜென்' என்னும் மீன் சோறு. பூண்டும் மிளகாயும் பார்ஸ்லி இலையும் சேர்த்து இடித்து மீனுக்குள் திணிக்கிறார்கள். தக்காளிக் குழம்பில் அந்த மீனையும் மரவள்ளிக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், கத்திரிக்காய் எல்லாவற்றையும் வேகவைத்து எடுத்துவிட்டு, அதே குழம்பில் அரிசியைப் போடுகிறார்கள். கொஞ்சம் கருவாடும் சேரும். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி எடுத்துத் தனியாக ருசிப்பார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்தச் சமையலைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதில் உள்ள அரிசி, எண்ணெய், மீன் மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் செனகலின் வரலாற்றில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

அந்த அரிசி குருணை. நம்மூரில் கஞ்சிக்கும் கோழித் தீனிக்கும் போவது, அங்கே முழு அரிசியைவிட மதிப்புப் பெற்றிருக்கிறது. காரணம் நிலக்கடலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் தேவைப்பட்டபோது, கம்பும் சோளமும் விளைந்த செனகல் மண் கடலைக் காடாக மாற்றப்பட்டது. கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, இன்றைய தலைநகரான டக்காருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே 1885இல் ரயில் ஓடத் தொடங்கியது. தன் நாட்டின் குறுக்கே தண்டவாளம் போவதை எதிர்த்த கயோர் அரசர் லாட் ஜோர் அடுத்த ஆண்டே போரில் கொல்லப்பட்டார். கடலை விதைத்த விவசாயிக்குச் சோற்றுக்கு வழியில்லாமல் போனது. பிரெஞ்சுக்காரர்கள் தங்களுடைய இன்னொரு காலனியான இந்தோசீனாவின் ஆலைகளில் கழிந்த குருணையை மலிவாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கழிவாக வந்து இறங்கியதைத் தேசத்தின் பெருமைக்குரிய உணவாக்கிவிட்டார்கள் செனகல் பெண்கள். செயின்ட் லூயியில் வாழ்ந்த பெண்டா ம்பாயே என்ற சமையற்காரரின் கைப்பக்குவத்தில் இது பிறந்ததாக அந்த ஊர் இன்றும் சொல்கிறது.

ஆனால் வெளிநாட்டுக் குருணையைச் சார்ந்திருக்கும் நிலை இன்னும் தீரவில்லை. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது டக்கார் வீடுகளின் அடுப்பு வரை அந்தக் கவலை எட்டியது. அடுத்த ஆண்டு செனகலுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது.

நமக்கும் அந்த நாட்டுக்கும் உறவு அரிசியில் தொடங்கவில்லை, துணியில் தொடங்கியது. புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. பாலைவன ஓரத்து வேலமரப் பிசினுக்கு விலையாக அந்தத் துணியைத்தான் கேட்டார்கள். ஆற்றங்கரைச் சந்தைகளில் அது நாணயமாகவே புழங்கியது. புதுச்சேரிச் சாயக்காரர்களின் உழைப்பை வைத்து ஆப்பிரிக்காவில் கொள்முதல் நடந்த இந்த வரலாறு நம் பாடப் புத்தகங்களில் இருந்திருக்க வேண்டும்.

அதே நாட்டின் கடற்கரையில் மனிதர்களும் விற்கப்பட்டார்கள். டக்காருக்கு எதிரே இருக்கும் கோரே தீவின் அடிமை வீடு அதற்கான நினைவிடம். அடிமை முறையை 1848இல் ஒழித்த பிரான்ஸ், சில ஆண்டுகளிலேயே அந்த மண்ணின் இளைஞர்களைக் கொண்டு படை திரட்டத் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் அவர்கள் பிரான்சுக்காக ரத்தம் சிந்தினார்கள். ஜெர்மனியின் போர்க்கைதிகளாக இருந்து மீண்டு வந்தவர்கள், டக்காரை அடுத்த தியாரோய் முகாமில் தங்களுக்குச் சேரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 காலையில் பிரெஞ்சு ராணுவம் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. 35 பேர் இறந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்பவில்லை. நடந்தது படுகொலைதான் என்று பிரான்சின் அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆயிற்று. கூலி கேட்டவனைச் சுட்டுவிட்டு அதை ஒப்புக்கொள்ள 80 ஆண்டுகள். செனகலின் திரை மேதை உஸ்மான் செம்பேன் 1988இலேயே இதைப் படமாக எடுத்துவிட்டார்.

இத்தனை வடு இருந்தும், 1960இல் விடுதலை பெற்ற செனகலில் ஒரு முறைகூட ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை. சுற்றியுள்ள மாலியையும் கினியையும் பார்த்தால் இதன் அருமை தெரியும். இந்தப் புகழை முதல் அதிபர் லியோபோல்ட் செங்கோருக்கே கொடுத்துவிடுவது வழக்கம். அவர் பெருங்கவிஞர், இருபது ஆண்டு ஆண்டபின் 1980 கடைசியில் தாமாகவே பதவி விலகியவர். 1974இல் சென்னைக்கு வந்து ஆப்பிரிக்க, திராவிடப் பண்பாடுகளின் உறவைப் பற்றி உரையாற்றியவர். அந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாகத்தான் நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒப்பாய்வு செய்தார். அந்த ஒப்பீடுகளை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை என்பது வேறு. ஆனால் இதே செங்கோர்தான் தம் பிரதமர் மமாது தியாவை 1962இல் கைதுசெய்து பன்னிரண்டு ஆண்டு சிறையில் வைத்திருந்தார். எனவே அமைதிக்கான காரணத்தை அதிபர் மாளிகையில் தேடாமல் மக்களிடம் தேடுவதே நியாயம்.

மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். அவர்களை இருபது ஆண்டு ஆண்ட செங்கோர் கத்தோலிக்கர், அதிலும் சிறுபான்மையான செரேர் இனத்தவர். பக்ரீத் அன்று ஆட்டுக்கறி கிறிஸ்தவ வீட்டுக்குப் போகும். புனித வெள்ளியன்று கம்பும் கடலையும் பாவோபாப் பழமும் சேர்த்துச் செய்த 'ங்கலாக்' முஸ்லிம் வீட்டுக்கு வரும். கிளிஞ்சல் தீவான ஃபதியூத்தில் இரு மதத்தவருக்கும் ஒரே இடுகாடு.

இதைவிட எனக்கு வியப்பைத் தருவது அவர்களின் கேலி உறவு. செரேர் இனத்தவரும் ஜோலா இனத்தவரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜோப் குடும்பத்தானைப் பார்த்தால் ந்ஜாய் குடும்பத்தான், "சோத்து மூட்டை, நீ என் அடிமைதானே!" என்பான். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் குடும்பப் பெயர் போதும். நம் ஊர் மாமன் மச்சான் கேலியை ஒரு தேசத்துக்கே விரித்துப் போட்டது மாதிரி. சண்டை மூளும் இடத்தில் இந்தக் கேலி நுழைந்து சூட்டைத் தணித்துவிடுகிறது. தெற்கே கசமான்ஸ் பகுதியில் 1982இல் மூண்ட பிரிவினைப் போர் பல்லாயிரம் பேரை வீடிழக்கச் செய்தது உண்மை. ஆனாலும் அது இனப் பகையாக நாடு முழுவதும் பரவவில்லை.

அந்த மக்களின் உறுதி 2024இல் மீண்டும் தெரிந்தது. அதிபர் மக்கி சால் தேர்தலைத் தள்ளிப்போட்டார். தெருவில் இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள், உயிர்களும் போயின. அரசியலமைப்பு மன்றம் அந்த ஒத்திவைப்பு செல்லாது என்றது. மார்ச் 14 அன்று சிறையிலிருந்து வெளியே வந்த 43 வயது பாசிரு ஜொமாய் ஃபாய், பத்தே நாளில் நடந்த தேர்தலில் முதல் சுற்றிலேயே வென்றார்.

அவரை வெல்லவைத்த இளைஞர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். தாம்பாளத்தின் நடுவே வைக்கும் 'சோஃப்' என்னும் களவா மீன் இப்போது அபூர்வமாகிவிட்டது. அந்நிய இழுவைக் கப்பல்களும், சாளை மீனை அரைத்து வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பும் மீன்தூள் ஆலைகளும் கடலைக் காலிசெய்கின்றன. வலை வீசி வாழ முடியாத பிள்ளைகள் அதே வள்ளங்களில் ஏறி, 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளை நோக்கிப் போகிறார்கள். 'பார்சிலோனா, இல்லையேல் மறுமை' என்பது அவர்கள் சொல்லிக்கொள்வது. எத்தனை வள்ளங்கள் கரை சேரவில்லை என்று கடலுக்குத்தான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான மீன்பிடி உடன்பாடு 2024 நவம்பரில் முடிவுக்கு வந்தது. அதன் கப்பல்கள் வெளியேறின. அதே ஆண்டு செனகல் கடலில் கச்சா எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அடுத்து, மொரிட்டானிய எல்லையில் எரிவாயுவும் வந்துவிட்டது. செயின்ட் லூயி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய ஜத்தாரா பாறைப்பகுதி, இப்போது எரிவாயு மேடையின் பாதுகாப்பு வளையத்துக்குள். அங்கே அவர்கள் வள்ளம் போகக் கூடாது. அந்த வருமானத்தில் தங்கள் பங்கு என்ன என்று கெத் ந்தார் மீனவக் குப்பத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.