கம்பைலருக்குக் காத்திருந்தவர்கள்

1983 நவம்பரில் அமெரிக்காவின் ‘பைட்’ இதழைப் புரட்டியவர்களில் சிலராவது அந்த விலையை அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள். டர்போ பாஸ்கல், 49 டாலர் 95 சென்ட், தபாலில் வரும். அன்றைக்குக் கம்பைலர் என்றால் பல நூறு டாலர். அதை வாங்குவது நிறுவனங்களின் வேலை, வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவரின் வேலை அல்ல. விளம்பரம் கொடுத்த போர்லாண்ட் நிறுவனத்திடம் விளம்பரத்துக்கே காசு இல்லை. அலுவலகத்தில் ஆட்களை நிரப்பி, தொலைபேசிகளை அலறவிட்டு, பைட்டின் பெயர் கோடிட்டு அடிக்கப்பட்ட ஒரு விளம்பரத் திட்டத்தை விற்பனையாளரின் கண்ணில் படும்படி வைத்து, கடனுக்கு அந்தப் பக்கத்தை வாங்கியதாக நிறுவனர் பிலிப் கானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த சரக்கு மட்டும் பொய்யில்லை. அதை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் என்ற டென்மார்க் இளைஞர். வயது 22.

அதற்கு முன் ஒரு சின்னப் புரோகிராமை ஓடவைப்பதே ஒரு பிழைப்பு. எடிட்டர் ஒரு ஃபிளாப்பியில் இருக்கும். எழுதிச் சேமித்து, அதை மூடிவிட்டுக் கம்பைலர் இருக்கும் ஃபிளாப்பியைச் செருக வேண்டும். முதல் கட்டம் ஓடி முடியும். இரண்டாம் கட்டத்துக்குப் பல கம்பைலர்கள் வேறு ஃபிளாப்பி கேட்கும். அப்புறம் லிங்கர். எங்கோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் வரி எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு தவறுக்கும் அதைத் திருத்திப் பார்ப்பதற்கும் நடுவே டீ குடித்துவிட்டு வரலாம்.

டர்போ பாஸ்கலில் எடிட்டரும் கம்பைலரும் ஒரே புரோகிராம். எழுதிய நிரல் நினைவகத்தில் இருக்கும், அதை அங்கேயே கம்பைல் செய்து, அங்கேயே ஓட்டும். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். தவறு கண்டால் உடனே நின்று, எடிட்டரைத் திறந்து, தவறான இடத்திலேயே கர்சரை வைக்கும். முதல் தவறோடு நின்றுவிடுகிறதே, எல்லாத் தவறுகளையும் பட்டியலிட வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்றைத் திருத்தி மறுபடி ஓட்ட ஒரு நொடிகூட ஆகாதபோது பட்டியல் யாருக்கு வேண்டும்? மூன்றாம் பதிப்பு வந்தபோதும் இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று ஒரு செய்தித் தளத்தின் முகப்புப் படமே அதைவிடப் பெரிது.

அந்த வேகத்துக்குப் பாதிக் காரணம் ஹெயில்ஸ்பெர்க்கின் கை. மீதிப் பாதி சூரிக்கில் இருந்த நிக்லாஸ் விர்த்தின் தலை. எந்தப் பெயரையும் முதலில் அறிவித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற ஒழுங்கோடு அவர் பாஸ்கல் மொழியை 1970 வாக்கில் வகுத்திருந்தார். அதனால் கம்பைலர் மேலிருந்து கீழே ஒரே ஒருமுறை படித்தால் போதும், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மொழியை வடிவமைக்கும்போதே கம்பைலரின் சிரமத்தையும் நினைத்துப் பார்த்த மனிதர் அவர். அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்தக் கரிசனம் இருக்கவில்லை.

அன்று கருவிகளைப் பற்றிய வாக்குவாதம் எதை வைத்து நடந்தது? பெரும்பாலும் ஒரு சல்லடையை வைத்து. 1981 செப்டம்பர் பைட்டில் ஜிம் கில்பிரெத் ஒரு சோதனைப் புரோகிராமை வெளியிட்டார். எரட்டோஸ்தனிஸின் பழைய சல்லடை முறையில் பகா எண்களைக் கண்டுபிடிப்பது. விடை 1899 என்று வர வேண்டும், அதைப் பத்துமுறை ஓட்டி நேரத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். அசெம்பிளியில் சில நொடி ஆன வேலை, பேசிக் இன்டர்பிரட்டரில் பல நிமிடம் இழுத்தது. பிறகு கம்பைலர் விற்றவர்கள் எல்லாரும் சல்லடை நேரத்தை விளம்பரத்தில் போட ஆரம்பித்தார்கள். டர்போ பாஸ்கல் உருவாக்கும் நிரல் அப்படியொன்றும் செதுக்கியது இல்லை என்ற குறை உண்மையானதே. ஆனாலும் மக்கள் அதைத்தான் வாங்கினார்கள். ஓடும் வேகம் வாடிக்கையாளருக்கு, கம்பைல் வேகம் எழுதுகிறவருக்கு. பணம் கொடுத்தவர் எழுதுகிறவர்.

பேசிய இடங்கள் வேறு. இதழுக்கு ஒரு கடிதம் எழுதினால் மூன்று மாதம் கழித்து அச்சில் வரும், அதற்கான மறுப்பு இன்னும் இரண்டு மாதம் கழித்து. ஊர்தோறும் கணினிக் குழுக்கள் மாலையில் கூடின. வசதி உள்ளவர்கள் மோடம் வைத்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் காம்ப்யூசர்வில் போர்லாண்ட் ஆட்களிடமே கேட்டார்கள். பேச்சுக்குக் காசு ஓடியதால் சுருக்கமாகப் பேசினார்கள். அது ஒரு நல்லொழுக்கமாக வாய்த்தது என்பேன்.

தரம் என்ற விஷயத்தில் அந்தக் காலத்தை நான் அவ்வளவு புகழமாட்டேன். டர்போ பாஸ்கல் 7 வெளியானது 1992-இல். திரையையும் நேரத்தையும் கையாளும் அதன் ‘சிஆர்டி’ பகுதி, புரோகிராம் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். 55 மில்லிநொடிக்குள் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, 16 பிட் இடத்தில் வைத்துக்கொள்ளும். 1992-இன் கணினிகளுக்கு அந்த இடம் தாராளம். சில ஆண்டுகளில் 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வேகமுள்ள சிப்புகள் வந்தன. ஈவு 65,535-ஐத் தாண்டியது, இடம் போதவில்லை, ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் படுத்தது. அதாவது, சுழியத்தால் வகுக்கும் பிழை. எழுதியவர் எதையும் சுழியத்தால் வகுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணக்குப் புரோகிராம்கள், பள்ளிப் புரோகிராம்கள், விளையாட்டுகள் புதுக் கணினி வாங்கிய அன்று நின்றுபோயின. வேகத்துக்குப் பெயர்பெற்ற கருவி வேகம் தாங்காமல் விழுந்தது. காப்பாற்றியவர்கள் பயனர்கள்தான். கம்பைல் ஆகிவிட்ட கோப்புக்குள் புகுந்து சில பைட்டுகளை மட்டும் மாற்றும் ஒட்டுப் புரோகிராம்களைத் தாங்களே எழுதி, இலவசமாகச் சுற்றுக்கு விட்டார்கள். கருவியின் மூலநிரல் கையில் இல்லாமலே செய்த வைத்தியம் அது.

போர்லாண்டின் இன்னொரு பிள்ளை நம் ஊரில் வந்து தங்கிவிட்டது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சி படித்தவர்களுக்கு நீலத்திரை டர்போ சி-யை விளக்க வேண்டியதில்லை. ‘கோனியோ’ சேர்த்து, ‘வாய்ட் மெயின்’ போட்டு, முதல் வரியில் திரையைத் துடைத்து, கடைசி வரியில் ‘கெட்சிஎச்’ வைத்து, கண்ட்ரோல் எஃப்9 அழுத்தி, வந்த விடையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய தலைமுறைகள் ஒன்றல்ல. சி++ மொழிக்கு 1998-இல் சர்வதேசத் தரம் வந்தது. அதற்கு முந்தைய பழக்கங்கள் அதன் பிறகும் பாடமாக ஓடின. 64 பிட் விண்டோஸ் இந்த 16 பிட் புரோகிராமை ஓட்ட மறுத்ததும் நாம் கம்பைலரை மாற்றவில்லை. டாஸ்பாக்ஸ் என்ற போலிக் கணினியை நடுவில் போட்டு, அதற்குள் டர்போ சி-யை உட்காரவைத்தோம். வெளியே ஜிசிசி கம்பைலர் இலவசமாகக் கிடந்தது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதாமாதம் கூடி, கேட்டவர்க்கெல்லாம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பாடத்திட்டத்தின் காது அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலைக்குப் போன பிள்ளைகள் முதல் வாரத்தில் ‘கோனியோ’ இல்லை என்ற பிழையைப் பார்த்துத் திகைத்ததற்கு அவர்கள் பொறுப்பல்ல.

நடுக்கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1995-இல் டர்போ பாஸ்கலின் வாரிசாக டெல்ஃபி வந்தது. 1996-இல் ஹெயில்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். எங்கள் ஆட்களைக் கொத்தாகத் தூக்குகிறீர்கள் என்று மறு ஆண்டே போர்லாண்ட் வழக்குப் போட்டது. அவர் அங்கே சி ஷார்ப்பை வடிவமைத்தார். 2012-இல் அவர் கைபட்ட டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்தது. ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைக் கட்டுப்பாட்டைப் போர்த்தி, ஓட்டுவதற்கு முன்பே தவறுகளைச் சொல்லும் மொழி.

டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. மூலநிரல் முதல் நாளிலிருந்தே திறந்த வெளியில். இங்கேதான் அன்றுக்கும் இன்றுக்குமான பெரிய வித்தியாசம் தெரிகிறது. பயனர் ஒரு குறை சொன்னால், அதற்குப் பொறுப்பான பொறியாளர் பெயரோடும் படத்தோடும் வந்து பதில் சொல்கிறார். சில சமயம் குறை சொன்னவரே திருத்தத்தையும் எழுதி அனுப்புகிறார். ஃபிளாப்பியில் உறைந்துபோன பிழை என்ற ஒன்று இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கிறது. 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் கோபமடைந்த புரோகிராமர் தன் தொகுப்புகளையெல்லாம், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ‘லெஃப்ட்-பேட்’ என்று ஒன்று. எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி. அதன் மேல் சாய்ந்திருந்த தொகுப்புகள், அவற்றின் மேல் சாய்ந்தவை என்று உலகெங்கும் பில்டுகள் வரிசையாக முறிந்தன. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டார்கள். ரன்டைம் எரர் 200 உலகத்தைச் சுற்றிவரச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. லெஃப்ட்-பேடுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது.

காத்திருப்பும் திரும்ப வந்துவிட்டது. விஎஸ் கோடு எடிட்டர் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, சுமார் 15 லட்சம் வரி. அதன் வகைகளைச் சரிபார்க்க டைப்ஸ்கிரிப்டின் பழைய கம்பைலருக்கு 77.8 நொடி. எடிட்டர் அந்தத் திட்டத்தைத் திறந்து உதவிக்குத் தயாராகவே 10 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. 1983-இல் ஒரு மேசைக்கணினியில் ஒழிந்த காத்திருப்பு, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான கணினியில் மறுபடி உட்கார்ந்திருந்தது. 2020-இல் இவான் வாலஸ் என்பவர் கோ மொழியில் எழுதிய ‘ஈஎஸ்பில்ட்’ வெளிவந்து, இந்த வேலைகளில் பலவற்றைக் கண்சிமிட்டும் நேரத்தில் முடிக்கலாம் என்று காட்டிவிட்டது. ஆனால் அது வகைகளைச் சரிபார்க்காது, உரித்துப் போட்டுவிடும். சரிபார்ப்பது டைப்ஸ்கிரிப்டின் சொந்தக் கம்பைலர் ஒன்றுதான். அதற்கு மாற்று எழுத வெளியே ஒரு சிலர் முயன்று கைவிட்டார்கள். காரணம் எளிது. அந்த மொழியின் வகை விதிகளுக்கு முழுமையான எழுத்து வரையறை கிடையாது. கம்பைலர் எப்படி நடந்துகொள்கிறதோ அதுதான் விதி.

2025 மார்ச்சில், 64 வயது ஹெயில்ஸ்பெர்க், கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்தார். 77.8 நொடி, 7.5 நொடி ஆனது. வேகத்தில் ஏறக்குறையப் பாதி, நேரடி இயந்திரக் குறியீடாக ஓடுவதால். மறுபாதி, வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்வதால்.

இதற்கு வந்த எதிர்வினையைப் படித்தவர்கள், புரோகிராமர்கள் வேகத்தைவிட விசுவாசத்துக்கே அதிகம் வாதாடுவார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். ஏன் ரஸ்ட் இல்லை என்று ஒரு கூட்டம். ஸ்டாக் ஓவர்ஃபுளோ கணக்கெடுப்பில் 2016 முதல் ஆண்டுதோறும் பயனர்களின் அபிமான மொழியாக முதலிடம் பிடித்தது ரஸ்ட். அதன் கம்பைலர் மெதுவானது என்ற புலம்பலும் அந்த அபிமானிகளிடமிருந்தே வருகிறது. ஏன் சி ஷார்ப் இல்லை, பெற்ற பிள்ளையையே நம்பவில்லையா என்று இன்னொரு கூட்டம். அவர்களின் வருத்தம் நியாயமானதும்கூட. விளக்கம் பொறுமையாக வந்தது. இது புதிதாக எழுதுவது அல்ல, வரிக்கு வரி பெயர்ப்பது. பழைய கம்பைலர் சொன்ன அதே தவறை அதே இடத்தில் புதியதும் சொல்ல வேண்டும். பழைய நிரல் வகுப்புகளால் கட்டப்பட்டதல்ல, செயற்கூறுகளும் தரவு அமைப்புகளும் கொண்டது. அந்த உருவம் கோவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒன்றையொன்று சுட்டிச் சுழலும் தரவுகள் அதில் நிறைய. ரஸ்டின் உரிமை விதிகளுக்குள் அவற்றை அடைப்பதென்றால் அடித்தளத்தையே மாற்ற வேண்டும். நினைவகத்தைத் தானே கூட்டிப் பெருக்கும் வசதி கோவில் உண்டு. எனக்கு இந்த விளக்கம் போதுமானதாகப்பட்டது. ரசிகர் மன்றத்துக்கு எந்த விளக்கமும் போதாது.

கோ பிறந்த கதையும் காத்திருப்பில்தான் தொடங்குகிறது. 2007-இல் கூகுளில் ஒரு பெரிய சி++ புரோகிராமின் கம்பைலை அளந்து பார்த்தார்கள். 4.2 மெகாபைட் மூலநிரல், தலைப்புக் கோப்புகள் விரிந்து விரிந்து, கம்பைலரின் வாய்க்குப் போய்ச் சேரும்போது 8 கிகாபைட்டைத் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட பில்டுகள் முடியக் காத்திருந்த நேரத்தில்தான் ராப் பைக், கென் தாம்ப்சன், ராபர்ட் கிரீஸ்மர் மூவரும் கோவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இவர்களில் கிரீஸ்மர் சூரிக்கில் விர்த்திடம் பயின்றவர். எந்தத் தொகுப்பு எதைச் சார்ந்தது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்ற சூரிக் ஒழுங்கு கோவிலும் இருக்கிறது. ஆக, ஹெயில்ஸ்பெர்க் இருமுறை கம்பைலரை வேகப்படுத்தினார், இருமுறையும் விர்த்தின் வீட்டுச் சரக்கைத் தொட்டுக்கொண்டார். விர்த் 2024 புத்தாண்டு நாளன்று காலமானார். இந்த இரண்டாவதைப் பார்க்க அவர் இல்லை.

புதிய கம்பைலரை டைப்ஸ்கிரிப்ட் 7 என்று வெளியிடுவதாக அறிவித்தார்கள். வேகத்தைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. புகார் வேறு இடத்தில். பழைய கம்பைலரின் உட்பகுதிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் ஆகிய இணையச் சட்டகங்களின் கருவிகளும், நிரலைத் தணிக்கை செய்யும் லின்டர்களும் இத்தனை நாள் ஓடின. அந்தப் பிடி புதியதில் அதே இடத்தில் இல்லை. அவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் மாலை நேரத்தில் வேலை பார்க்கிறவர்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. டைப்ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த யாரும் நேற்றுவரை அதன் கம்பைலரைத் திறந்து படிக்கலாம், ஒரு பிழையைத் திருத்தியும் அனுப்பலாம். இனி அதற்கு முதலில் கோ படிக்க வேண்டும்.