மாநில எல்லையைத் தாண்டும்போது எது நம்மோடு வருகிறது?



இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சேரியிலிருந்து யாராவது வேலைக்காக வெளிமாநிலம் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் ஜோலார்பேட்டை ரயிலடிவரை கூடவே வருவார். போகாதே என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. "சாதிச் சான்றிதழ் எடுத்தாச்சா? பிள்ளையை எங்க படிக்க வைக்கப் போறீங்க?" என்று இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பார். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவரிடம் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று நம்மில் சிலர் சிரித்ததும் உண்டு. அந்தக் கேள்விகளின் கனம் நமக்குப் பின்னால்தான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் நம்மைத் தேடி வந்தது. சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று சொன்னதால் ஊரில் கூலி வேலை மறுக்கப்பட்டு, புனேவுக்குப் போய் வெல்டராகப் பிழைத்தவர் தந்தை. மகள் ஐந்தாம் வகுப்புவரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தாள். ஆறு முதல் பத்துவரை புனேயில் மாநகராட்சிப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு மறுபடியும் இங்கே அரசுப் பள்ளி. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மானத்தோடு வாழத்தான் அந்தத் தந்தை ஊரை விட்டார். அதற்கு மகள் இப்படி விலை கொடுப்பாள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரே ஒரு செய்தியை விளக்க முயல்கிறோம். ஒரு தலித் குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கும்போது, அதன் உரிமைகளில் எவை கூட வரும், எவை இங்கேயே தங்கிவிடும்?

ஊரைவிட்டுப் போவது நமக்குப் புதிய சிந்தனை அல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களைக் கடுமையாக மறுத்தார். அதற்கு முன்பே, 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாடு, சாதி இந்துக்களின் கிராமங்களிலிருந்து விலகிய தனிக் குடியிருப்புகள் வேண்டுமென்று தீர்மானம் போட்டது. நிலமும் கூலியும் சுடுகாட்டுப் பாதையும் ஒரே கூட்டத்தின் கையில் இருக்கும் இடத்தில், வெளியேறுவதும் ஒரு போராட்ட வடிவம்தான்.

அதே அம்பேத்கரின் வாழ்க்கை இன்னொன்றையும் காட்டுகிறது. 1917இல், வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பியவராக, பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி பெயரைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அடைக்கலம் கேட்ட நண்பர்களும் கைவிரிக்க, ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கே ரயிலேறினார். அரசு வேலை கையில் இருந்தும் குடியிருக்க வீடு இல்லாததால் திரும்ப வேண்டியதாயிற்று. இன்று பெங்களூரிலோ டெல்லியிலோ வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கப்படும்போது அந்தப் பரோடா விடுதிதான் நம் நினைவுக்கு வருகிறது. புதிய ஊரில் நம்மை யாருக்கும் தெரியாது என்பது கொஞ்ச நாளைக்குத்தான் பாதுகாப்பு.

இனி சட்டத்துக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் அங்கே குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் 341ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதிகள் யார் யார் என்பதைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கிறார். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஆணை இப்படி மாநிலவாரியாகத்தான் அமைந்தது. ஒருவர் ஒரு மாநிலத்தைப் பொறுத்துத்தான் பட்டியல் சாதியினர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த குடும்பம் அது. தந்தையின் வேலைக்காகச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து அங்கேயே படித்த மாணவருக்கு, மகாராஷ்டிரத்தில் மருத்துவப் படிப்புக்கான பழங்குடி ஒதுக்கீடு கிடைக்காது என்று தீர்ப்பு வந்தது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே மீண்டும் சொன்னது. அதே ஆண்டு ரஞ்சனா குமாரி என்ற பெண்ணின் வழக்கு. பஞ்சாபில் வால்மீகி சமூகத்தில் பிறந்தவர், உத்தராகண்டில் குடியேறியவர். உத்தராகண்டின் பட்டியலிலும் வால்மீகி உண்டு. ஆனாலும் அந்த மாநில ஒதுக்கீடு அவருக்கு இல்லை என்று முடிவானது. சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது. கல்யாணமாகி வேறு மாநிலம் போகும் நம் பெண்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

நீதிமன்றம் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒடுக்குமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்துப் பட்டியலை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே பிறந்து அங்கேயே ஒடுக்கப்பட்ட மக்களின் பங்கு குறையும் என்பது அந்த வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இங்கே அருந்ததியர் மக்கள் போராடிப் பெற்ற 3 சதவீத உள்ஒதுக்கீட்டில் வெளியிலிருந்து வருகிறவர் பங்கு கேட்டால் நாமும் ஏற்க மாட்டோம். ஆனால் இரண்டு தலைமுறையாக ஓரிடத்தில் சாக்கடை அள்ளி, கட்டடம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே சாதியின் பெயரால் அவமானப்படும் குடும்பத்தை இன்னும் வெளியாள் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

அப்படியானால் எது கூட வரும்? ஒன்று, மத்திய அரசு வேலைகளிலும் மத்திய கல்வி நிறுவனங்களிலும் உள்ள 15 சதவீத ஒதுக்கீடு. சொந்த மாநிலச் சான்றிதழோடு எங்கிருந்தும் இதைக் கேட்கலாம். டெல்லி நிர்வாகத்தின் கீழ்நிலைப் பணிகளுக்கும் நாடு முழுவதிலும் உள்ள பட்டியல் சாதியினர் தகுதி உடையவர்கள் என்று பீர் சிங் தீர்ப்பு சொல்கிறது. இரண்டு, மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை. வெளிமாநிலத்தில் படித்தாலும் அதைத் தர வேண்டியது மாணவரின் சொந்த மாநிலம். எனவே விண்ணப்பம் இங்கேதான் போட வேண்டும். மூன்று, ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியான தானியத்தை வெளிமாநிலத்திலும் வாங்கலாம். தமிழ்நாடு கூடுதலாகத் தரும் பருப்பும் பாமாயிலும் கூட வராது. நான்கு, தேர்தல். மக்களவைத் தனித்தொகுதியில் எந்த மாநிலப் பட்டியல் சாதியினரும் நிற்கலாம். சட்டமன்றத் தனித்தொகுதியில் அந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்க முடியும்.

ஐந்தாவது, வன்கொடுமை தடுப்புச் சட்டம். வெளிமாநிலத்தில் தாக்கப்பட்டவரிடம் 'நீ இந்த மாநிலத்துப் பட்டியலில் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வாதத்தை மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2023இல் நிராகரித்தது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பிறந்த மாநிலத்தோடு முடிந்துவிடாது என்பது அதன் முடிவு. மற்ற மாநில நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் காவல் நிலையத்திலும் வழக்கறிஞரிடமும் எடுத்துக்காட்ட நம் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு அது.

கூட வராதவை: குடியேறிய மாநிலத்தின் அரசு வேலை ஒதுக்கீடு, அதன் கல்லூரி இடங்கள், அந்த மாநிலம் தன் பட்டியல் சாதியினருக்கென்று நடத்தும் திட்டங்கள். குடியேறிய மாநிலத்து அதிகாரி, தந்தையின் சான்றிதழைப் பார்த்துப் பிள்ளைக்குச் சான்று தரலாம். அந்தச் சான்று சொந்த மாநிலத்திலும் மத்திய அரசிடமும்தான் பயன்படும்.

கூட்டமாகப் போனவர்களின் வரலாறும் நமக்குப் பாடம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குப் போன நம் முன்னோர் சுரங்கத்துக்குள் உயிரைக் கொடுத்தார்கள். அதே ஊரில் பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை அமைத்தார்கள். பிற்காலத்தில் இந்தியக் குடியரசுக் கட்சியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த மக்கள் பிழைப்புக்காக தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். ஆனாலும் சங்கம் வைத்துப் பெற்ற அரசியல் அடையாளம் மிஞ்சியிருக்கிறது.

மூணாறு மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை வேறு. தலைமுறைகள் கடந்தும் அங்கே சாதிச் சான்றிதழுக்காக, 1950க்கு முன்பே தாத்தா பாட்டி வந்துவிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தேவிகுளம் தனித்தொகுதியின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மத மாற்றத்தோடு, குடும்பம் மலையேறிய காலமும் அந்த வழக்கில் கேள்வியானது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், லயன் வீட்டில் இருக்கும் தொழிலாளியின் பிள்ளை எந்தக் காகிதத்தைக் காட்டும்?

ஆகவே போவதா இருப்பதா என்று முடிவெடுக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து சிலவற்றைப் பேசுவது நம் இயக்கத்தின் வேலை. பிள்ளை ஆறாம் வகுப்பை நெருங்குகிறதா? அப்படியானால் பெரியவர் முதலில் போய், பிள்ளை இங்கே விடுதியில் தங்கிப் படிக்க வழி உண்டா? எல்லோருக்கும் இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்கியாயிற்றா? தந்தையின் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்திரமாக இருக்கின்றனவா? போகிற இடத்தில் நம் ஆட்கள் யார், வீடு யார் மூலம்? அங்கே சங்கம் இருக்கிறதா, இல்லையென்றால் தொடங்க எத்தனை பேர் தேறுவார்கள்?

உயிருக்கே ஆபத்து என்றால் இந்தக் கேள்விகள் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. சாதி மறுப்புத் திருமணம் செய்த இளைஞர்களை முதலில் ரயிலேற்றுவோம். காகிதத்தைப் பிறகு பார்ப்போம். ஆனால் இப்படித் துரத்தப்பட்டுப் போகிறவரையும், விரும்பிப் போகிறவரையும் சட்டம் ஒன்றுபோல நடத்துவதை நாம் எதிர்த்துப் பேச வேண்டும். வன்கொடுமையால் ஊரை விட்டவர்களுக்கும், வெளிமாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறைக்கும், உள்ளூர் மக்களின் பங்கைக் குறைக்காமல் கூடுதலாக ஒதுக்கீடு தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். நம் கோரிக்கை இதுதான்.

அதுவரை தோழர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். இங்கிருக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலம் போன குடும்பங்கள் எத்தனை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில் என்று எழுதி வாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பட்டியலோடு தொடங்குவோம்.

ஜெய்பீம்.