ஆள் போகாத இடம்

2022 பிப்ரவரி 24, அதிகாலை. எனர்கான் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள் கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து மறைந்தன. அவை நிற்கவில்லை. இறக்கைகள் சுழன்றன, மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மொத்த நிறுவுதிறன் சுமார் 11 ஜிகாவாட். எந்த ஆலை எந்த நிலையில் ஓடுகிறது என்று தொலைவிலிருந்து பார்க்கும் வழியும் திருத்தும் வழியும் போய்விட்டன.

காற்றாலைகளை யாரும் குறிவைக்கவில்லை. அவற்றின் தகவல் கே.ஏ.-சாட் என்ற செயற்கைக்கோள் வழியாகப் போய்வந்தது. உக்ரைன் ராணுவமும் அதே செயற்கைக்கோளைப் பயன்படுத்தியது. ரஷ்யப் படைகள் எல்லை தாண்டிய வேளையில், அதன் தரைக் கட்டமைப்பின் மேலாண்மைப் பகுதிக்குள் சிலர் நுழைந்தார்கள். சரியாக அமைக்கப்படாத ஒரு வி.பி.என். கருவி வழிவிட்டது. (வெளியிலிருந்து உள்வலைக்கு வருவதற்கான பாதுகாக்கப்பட்ட இணைப்புக்கு வி.பி.என். என்று பெயர்.) அங்கிருந்து பல்லாயிரம் மோடம்களுக்குக் கட்டளை போனது. அவற்றின் நினைவகம் அழிந்தது. மோடத்தைப் பொறுத்தவரை அது மேலிடத்திலிருந்து முறையாக வந்த கட்டளை. மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவே பொறுப்பு என்றன.

காற்றாலை இருக்கும் இடங்கள் ஊருக்கு வெளியே இருப்பவை. செயற்கைக்கோள் இணைப்பு தரப்பட்டதே அதனால்தான். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் போகவேண்டியிருந்தது. 95 விழுக்காடு ஆலைகள் மீண்டும் திரைக்கு வந்தபோது ஏப்ரல் நடுப்பகுதி தாண்டிவிட்டது.

தொலைக் கண்காணிப்பின் பயனில் ஐயமில்லை. ஒரு பேரிங் உடைவதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் அதிர்வு மாறும், சூடு ஏறும். உணரி அதைப் பிடித்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொறியாளருக்குச் சொல்லும். செலவுக் கணக்கில் மிச்சம் எங்கே வருகிறது என்பதும் தெளிவு. இரவுப் பணிக்கு ஆள் வேண்டாம். மாதாமாதம் வண்டி போகவேண்டாம். முதலில் பேசப்படுவது பார்ப்பதைப் பற்றி மட்டும்தான். ஆனால் பழுது தெரிந்தபின் அதைத் திருத்தவும் வேண்டும். ஆகவே தகவல் வெளியே போகும் வழியிலேயே கட்டளை உள்ளே வரத் தொடங்குகிறது.

அந்தக் கட்டளையைப் பெறும் கருவி பெரும்பாலும் பழையது. கருவிகள் தமக்குள் பேசும் மொழிகளில் பரவலான ஒன்று மோட்பஸ். 1979இல் உருவானது. அனுப்புவது யார் என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. வந்த கட்டளை நிறைவேறும். அன்று அது குறையாகத் தெரியவில்லை. கம்பியின் இரு முனைகளும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில் 600க்கு மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வெப்பம் நின்றது. வெளியே உறைநிலைக்குக் கீழான குளிர். சீராக ஏறக்குறைய இரண்டு நாட்கள் ஆயின. நடந்ததை டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் பின்னர் ஆராய்ந்து வெளியிட்டது. தாக்கியவர்கள் ஒரு ரவுட்டரின் ஓட்டை வழியாக 2023 ஏப்ரலிலேயே நுழைந்திருக்கக்கூடும். ஒன்பது மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மோட்பஸ் கட்டளைகள் போயின. கருவிகள் தவறான அளவுகளைக் காட்டின; குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடியது. அதற்கு முன் இன்னொன்றும் நடந்திருந்தது. கருவிகளின் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள், பழைய பதிப்புக்கு இறக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிப்பில் கண்காணிப்பு வசதி கிடையாது.

இதற்கெல்லாம் பெருந்திறமை தேவை என்று எண்ண இடமில்லை. 2023 நவம்பர் 25 அன்று பென்சில்வேனியாவின் அலிக்விப்பாவில் ஒரு குடிநீர் அழுத்த நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவி பிறர் கைக்குப் போனது. அவ்வகைக் கருவிகள் இணையத்தில் நேராகத் திறந்து கிடந்தன. தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல் 1111. அதை மாற்றாதவர்கள் பலர். அமெரிக்க அரசின் கணக்கில் குறைந்தது 75 கருவிகள் இப்படிப் போயின. அலிக்விப்பாவில் ஊழியர்கள் கைமுறைக்கு மாறினார்கள், குடிநீர் நிற்கவில்லை. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் இதே தாக்குதலால் சுமார் 180 வீடுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை.

2025 ஏப்ரலில் நார்வேயின் பிரெமாங்கர் பகுதியில் ஓர் அணையின் வால்வை வெளியார் தொலைவிலிருந்து முழுதாகத் திறந்தார்கள். நொடிக்குச் சுமார் 500 லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்தது. கவனிக்கப்பட நான்கு மணி நேரம் ஆனது.

நுழைபவர் அந்நியராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில் 142 கழிவுநீர் நீரேற்று நிலையங்கள் ரேடியோ வழியாக இயக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை காரணமின்றித் தடுமாறின. பம்புகள் ஓடவேண்டிய நேரத்தில் ஓடவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. புதிதாக நிறுவிய அமைப்பின் கோளாறு என்றே முதலில் தேடினார்கள். ஏப்ரல் 23 அன்று ஒரு காரில் மடிக்கணினியும் ரேடியோவும் பிடிபட்டன. ஓட்டிவந்தவர் அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். வட்டார நிர்வாகத்திடம் வேலை கேட்டுக் கிடைக்காதவர். அதற்குள் சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்திருந்தது. அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. அமைப்பு தன்னிடம் பேசுபவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று கேட்கவில்லை.

2015 டிசம்பர் 23, பிற்பகல். மேற்கு உக்ரைனின் மின் விநியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறை. ஊழியர் ஒருவரின் திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கரைத் திறந்தது. (பிரேக்கர் திறந்தால் மின்சாரம் நிற்கும்.) அவர் மவுஸைப் பிடித்து இழுத்தார், அது கட்டுப்படவில்லை. அடுத்து கணினியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார், கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது. அரை மணி நேரத்துக்குள் மூன்று நிறுவனங்களில் இதே நிலை. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில்.

தொடக்கம் அந்த ஆண்டின் வசந்தத்தில் வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பு. பிறகு ஊழியர்களின் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவற்றைக் கொண்டு, ஊழியர்கள் தொலைவிலிருந்து வேலை செய்யும் அதே வி.பி.என். வழியே தாக்கியவர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அதில் இல்லை. மின்சாரம் நின்ற அதே நேரத்தில் கட்டுப்பாட்டு அறையின் யு.பி.எஸ்.ஸும் தொலைவிலிருந்தே நிறுத்தப்பட்டது. புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் குவிந்ததால் வாடிக்கையாளர்களால் பேச முடியவில்லை. துணைமின் நிலையங்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் மாற்றிக் கருவிகளின் ஃபர்ம்வேர் அழிக்கப்பட்டது. எனவே தொலைவிலிருந்து எதையும் திரும்ப மூட வழியில்லை.

ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போனார்கள். பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் எல்லா இடத்திலும் விளக்கு எரிந்தது. இரண்டு மாதம் கழித்தும் கட்டுப்பாட்டு அறைகள் முழுதாகச் சீராகவில்லை. அதுவரை ஆட்கள் நிலையங்களுக்குப் போய் பிரேக்கர்களை இயக்கிக்கொண்டிருந்தார்கள்.