மின்கட்டமைப்பைக் குறிவைக்கும் இணையத் தாக்குதல்: நாம் அறிய வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் – 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஏற்பட்ட பெரும் மின்தடையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரங்கானு, பாக்கா மின்நிலையப் பகுதியில் ஏற்பட்ட ஒரு கோளாறு, தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியை இருளில் தள்ளியது. அது தொழில்நுட்பப் பழுது. யாருடைய சதியும் அல்ல. ஆனால் அத்தகைய இருட்டை இன்று கணினி வழியாகவும் உண்டாக்க முடியும்.

எப்படி?

தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே விளக்கு எரிந்தது. அது பழுதானால் அந்தத் தோட்டம் மட்டும் இருண்டது. இன்று மின்நிலையங்கள், உயரழுத்தக் கம்பிகள், துணை மின்நிலையங்கள் எல்லாம் ஒரே வலையாக இணைந்துள்ளன. பினாங்குத் தீவுக்குப் பெருநிலத்திலிருந்து கடலடி மின்வடம் வழியாகவும் மின்சாரம் வருகிறது. தொலைவில் உள்ள சுவிட்சுகளை ஊழியர்கள் கணினித் திரையிலிருந்தே இயக்குகிறார்கள். அந்தக் கணினி அந்நியர் கைக்குப் போனால் சுவிட்சும் அவர் கைக்குப் போய்விடும்.

உக்ரேனில் 2015 டிசம்பர் 23ஆம் தேதி நடந்தது அதுதான். மின்விநியோக நிறுவன ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்பில் தீய மென்பொருள் ஒளிந்திருந்தது. அதன் வழி நுழைந்தவர்கள் பல மாதங்கள் உள்ளேயே இருந்து, கடவுச்சொற்களைத் திருடி, வேலை நடக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டார்கள். தாக்குதல் நாளில், ஊழியரின் கண்ணெதிரே திரையில் சுட்டி தானாக நகர்ந்து துணை மின்நிலையங்களை ஒவ்வொன்றாக அணைத்தது. சுமார் 225,000 வாடிக்கையாளர்கள் குளிர்காலத்தில் மின்சாரம் இழந்தனர். புகார் செய்ய முடியாதபடி, அழைப்பு மையத்துக்குப் போலி அழைப்புகளும் குவிந்தன.

அவர்களைக் காப்பாற்றியது பழைய முறைதான். ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று, கையாலேயே சுவிட்சுகளைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது.

கூடங்குளம் தரும் பாடம்

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் 2019இல் ஊடுருவல் நடந்தது. அக்டோபர் 29ஆம் தேதி நிலைய நிர்வாகம் அதை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கணினியில் தீய மென்பொருள் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த கணினி. உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கியது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. அலுவலகக் கணினியும் இயந்திரத்தை இயக்கும் கணினியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இன்னொன்று, நடந்ததை மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். முதலில் மறுத்துப் பிறகு ஒப்புக்கொண்டால் மக்களின் நம்பிக்கை போய்விடும்.

மலேசியச் சட்டம்

2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், எரிசக்தி உட்பட 11 துறைகளை நாட்டின் முக்கியக் கட்டமைப்பாக வகைப்படுத்தியுள்ளது. இவற்றை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். தாக்குதல் நடந்தால் உடனே தெரிவித்து, 6 மணி நேரத்தில் முதல் விவரங்களைத் தர வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

உக்ரேனில் கதவைத் திறந்துவிட்டது ஒரு மின்னஞ்சல். அதே தந்திரம்தான் நம் கைப்பேசிக்கும் வருகிறது.

• "கட்டணம் பாக்கி, மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். தெனாகா நேஷனலின் அதிகாரபூர்வச் செயலியில் பாக்கியைச் சரிபாருங்கள்.

• மீட்டரின் பெயரைச் சொல்லி யாராவது வங்கிக் கடவுச்சொல்லோ, டிஏசி எண்ணோ கேட்டால் தராதீர்கள்.

• பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள். மின்தடை என்றால் 15454.

• வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் பயன்படுத்தும் நோயாளி இருந்தால், நீண்ட மின்தடையின்போது என்ன செய்வது என்று மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

மின்நிறுவனம், தொழிற்சாலை, அரசு அலுவலகம் எதிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள், சந்தேகமான மின்னஞ்சல் வந்தால் திறக்காமல் கணினிப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறிப்போய்த் திறந்துவிட்டாலும் பயந்து மறைக்கக் கூடாது. அன்றே சொன்னால் ஒரு கணினியோடு போகும். மறைத்தால் ஊரே இருளும்.