பச்சிளஞ்சிசுவின் மூச்சு தடைப்படும்போது

எந்தத் தடை சுபாவம், எது வியாதி?

பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெருந்திரளாகச் செல்வோர் பெண்களே யாதலால், தாய் வேலைக்குத் திரும்பியபின் சிசுவைப் பாதுகாப்பவள் பெரும்பாலும் பாட்டியாகவே இருக்கிறாள். ஆகவே மூச்சுத் தடையைப் பற்றி வைத்தியர் தாய்க்குச் சொல்லும் புத்திமதியைப் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உறங்கும் சிசு ஐந்து முதல் பத்து வினாடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாகச் சில மூச்சு வாங்கிச் சமநிலைக்கு வருவது சுபாவமே. ஆனால் 20 வினாடிக்கு மேல் மூச்சு நின்றாலும், குறைந்த நேரமேயாயினும் உதடும் நாக்கும் நீலம் பாரித்து உடல் துவண்டாலும், அது அபாயக்குறி. கைகால் நுனி மட்டும் நீலமாயிருப்பது குளிரினாலும் நேரும். நாக்கின் நிறமே நம்பத்தக்க சாட்சி.

காரணத்தைத் தேடுதல்

மூளையில் சுவாசத்தை நடத்தும் பாகம் முதிராமையால், 28 வாரத்துக்கு முன் பிறந்த சிசுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இத்தடை உண்டாகிறது. பெரும்பாலும், கர்ப்பகாலத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 36, 37 வாரப் பிராயத்தை எட்டும்போது அது தானாகவே ஒழிகிறது. நிறைமாதச் சிசுவுக்கோ இந்தச் சமாதானம் பொருந்தாது: கிருமித் தொற்று, இரத்தத்தில் சர்க்கரைக் குறைவு, வலிப்பு, உடல் குளிர்ந்துபோதல் ஆகிய ஒவ்வொன்றையும் வைத்தியர் பரீட்சித்தே தீரவேண்டும். நன்றாயிருந்த குறைமாதச் சிசுவுக்குத் திடீரெனத் தடை வந்தாலும் முதற்சந்தேகம் தொற்றின்மேலேயே விழும்.

சிகிச்சை

ஆஸ்பத்திரியில் பாதத்தையோ முதுகையோ மெல்லத் தேய்த்துத் தூண்டுவதே முதற்படி. அதற்கு இணங்காவிடில் பையும் முகமூடியும் கொண்டு மூச்சளிப்பர். தடை அடிக்கடி நேருமானால், மூக்கின் வழியே இடைவிடாத காற்றழுத்தம் தருவர். குறைமாதச் சிசுக்களுக்கு இவற்றோடு கஃபீன் மருந்தும் உண்டு. 1,250 கிராமுக்கு மேற்படாத எடையுள்ள 2,006 சிசுக்களிடம் பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சி, கஃபீன் பெற்றவர்களிடம் நாட்பட்ட நுரையீரல் பாதிப்புக் குறைந்ததை 2006-இலும், பிற்காலத்தில் மூளை முடக்குவாதம் குறைந்ததை 2007-இலும் வெளியிட்டது. நம் காப்பியிலுள்ள சத்தும் அதுவே எனினும், டிகாக்ஷன் துளியை எந்தப் பாட்டியும் ஊட்டத் துணியலாகாது; மருந்து எடைக்கேற்ப அளந்து தரப்படுவது.

வீட்டில் நேர்ந்தால்

சிசுவை மல்லாக்கக் கிடத்தி, கழுத்தை நேராக வைத்து, உள்ளங்காலைத் தேய்க்கவேண்டும். வாயில் பால் தெரிந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பித் துடைக்கவேண்டும். அப்போதும் மூச்சு வராவிடில், பெரியவர் தம் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மார்பு சிறிது எழும் அளவே ஊதிக்கொண்டிருக்க, மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். குலுக்குதல், தலைகீழாய்த் தூக்குதல், மூக்கில் எண்ணெய் விடுதல், சாம்பிராணிப் புகை காட்டுதல், தோஷமென்று கயிறு கட்டி நேரத்தைப் போக்குதல் ஆகியவை கூடா.

மூச்சு தானே திரும்பிவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நம் வட்டாரத்தாருக்கு அதற்கு இடங்கள் உண்டு: 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை இன்று வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்திருக்கிறது. வேலூரையடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எங்கே சென்றாலும், பால் குடிக்கையிலா உறக்கத்திலா, எத்தனை வினாடி, நாக்கு என்ன நிறம் என்பவற்றை, கண்ணால் கண்டவரே வைத்தியரிடம் நேரில் சொல்லவேண்டும்.