ஒரு கோல் வித்தியாசம்

கல்லூரிகளுக்கிடையேயான கால்பந்தாட்டப் பருவம் முடிவுறும்போது, ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் அணி விசித்திரமானதொரு துயரத்தோடு வீடு திரும்புகிறது. எந்த ஆட்டத்திலும் அவ்வணி படுதோல்வி கண்டதில்லை. ஆயினும், பூஜ்யத்திற்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோலில் வெற்றி நழுவிப் போயிருக்கும்.

ஐந்து கோல்களில் தோற்றவர்கள், எதிரணி வலியது என்று ஒப்புக்கொண்டு உறங்கச் செல்வர். ஒரு கோலில் தோற்றவர்களுக்கோ உறக்கம் வராது. பெருந்தோல்வியைப் பதினொருவரும் பங்கிட்டுக் கொள்வர். சிறு தோல்வியோ யாரேனும் ஒருவனுடைய தலையைத் தேடி அலையும். "அவன் மட்டும் அந்தப் பந்தைத் தவறவிடாதிருந்தால்..." என்ற பேச்சு எழும். அந்த ஒருவனை அணி எவ்வாறு நடத்துகிறது என்பதில்தான் அதன் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. நம் நாட்டுக் கால்பந்தாட்ட வரலாறே இதற்குச் சான்று.

இலண்டனில் தவறிய உதை

1948-ஆம் ஆண்டு ஜூலை 31. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறவில்லை. இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரெஞ்சு நாட்டு அணியை எதிர்கொண்டது. தலைவர் தாலிமெரென் ஆவ், கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி மாணவர். பின்னாளில் நாகாலாந்தில் மருத்துவராகத் தொண்டாற்றியவர். நம் வீரர்களில் பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர்.

முதற்பாதியில் பிரெஞ்சு அணி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின், நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரிலிருந்து சென்ற சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. ஆனால், ஆட்டம் முடியும் தறுவாயில், 89-ஆவது நிமிடத்தில், எதிரணி மீண்டும் ஒரு கோல் போட்டு 2-1 என்ற கணக்கில் வென்றது. அன்று இந்தியாவுக்கு இரு பெனால்டி உதைகள் கிடைத்திருந்தன. இரண்டுமே வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் சைலேன் மன்னா.

அந்த இளைஞரை ஒதுக்கி வைத்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. 1951-இல் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் அதே மன்னாதான்! இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஒரு கோலில் இழந்தவர்களுக்கு ஒரு கோலாலேயே வெற்றி கிட்டியது.

உரோமையிலிருந்து ஜகார்த்தாவுக்கு

1960-இல் உரோமை ஒலிம்பிக்கில் இதே வேதனை மீண்டும் வந்தது. வெண்கலப் பதக்கம் பெறவிருந்த ஹங்கேரியிடம் நம்மவர் 2-1 என்று தோற்றனர். பிரெஞ்சு அணிக்கு எதிராக முதலில் கோல் போட்டும், இறுதிக் கட்டத்தில் அதைக் காக்க இயலாமல் 1-1 என்று சமநிலையோடு திரும்பினர். பெரு நாட்டிடமும் தோற்று, முதற்சுற்றோடு வெளியேறினர்.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம், ஜர்னைல் சிங், சென்னை ரெஜிமென்டின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் முதலிய உரோமை வீரர்களையே அவர் 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் அழைத்துச் சென்றார். அங்கும் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி! இடையில் தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை ஒதுக்கிவிடாமல், தாக்கும் வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. ஒரு கோல் பானர்ஜியுடையது; மற்றொன்று காயமுற்ற ஜர்னைல் சிங்குடையது. புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திய ரஹீம், அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் காலமானார்.

நம் இல்லங்களில்

வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூர்வரை நம் குடும்பங்களிலும் இத்தகைய 'ஒரு கோல்' தோல்விகள் உண்டு. இரண்டு மதிப்பெண்ணில் கல்லூரி இடத்தை இழந்த மகள். தொழிற்சாலை நேர்முகத் தேர்வில் கடைசிச் சுற்றுவரை சென்று திரும்பிய மகன். அன்றிரவு வீட்டில் என்ன நிகழ்கிறது? "நீ கொடுத்த செல்லம்தான்" என்று தந்தை தாயைச் சாடுகிறார். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று தாய் மகனைச் சுடுகிறார். நூலிழையில் தவறியதால் ஏற்கெனவே தன்னைத் தானே வதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒரு சொல்கூட உயிரைப் பறிக்கும் பாரமாகிவிடலாம். தேர்வு முடிவுகள் வெளியாகும் மே திங்களில் நாளிதழ்கள் தாங்கி வரும் துயரச் செய்திகளை நாம் அறிவோம்.

பெற்றோரே, தோற்ற நாளன்று விசாரணை வேண்டாம். பிள்ளையோடு அமர்ந்து உணவருந்துங்கள். அதுவே போதும். சில நாள் சென்றபின், எங்கே சிறிது குறைந்தது என்று அவனோடு சேர்ந்து ஆராயுங்கள். ஒரு கோலில் தோற்றவனுக்கு ஆட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கடைசிப் பத்து நிமிடங்களைச் செம்மை செய்தால் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவனை நம்பி மீண்டும் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள்.

இலண்டனில் தவறிய கால், மூன்றே ஆண்டுகளில் அணியைத் தங்கத்திற்கு நடத்திச் சென்றது. அந்த மூன்றாண்டுப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கு நாம் அளிப்போமாக!